பாட்டும் மணலும் எழுத்தும்

நமது இல்லங்களில் அடிக்கடி நிகழும் ஒரு காட்சியைக் கூறி இக்கட்டுரையைத் தொடங்குகின்றோம். முதல் வகுப்பிற் பயிலும் குழந்தையை அழைத்து, விருந்தினர் முன்னிலையில் அதன் பாடப் புத்தகத்தைக் கையிற் கொடுத்து, "எங்கே, வாசித்துக் காட்டு" என்கின்றோம். குழந்தை இனிய இராகத்தோடு பாட்டு முழுவதையும் தடையின்றிச் சொல்லி முடிக்கின்றது. பெற்றோர் முகம் மலர்கின்றது. அவ்வமயம் வீட்டிலுள்ள பாட்டியாராவது அத்தையாராவது ஓர் அடியின் நடுவே உள்ள ஒரு சொல்லை விரலாற் சுட்டி, "இது என்ன, கண்ணே?" என்று வினவுவாராயின், குழந்தை விழிக்கின்றது, மீண்டும் பாட்டை முதலிலிருந்து தொடங்கி ஓடிவந்து அச்சொல்லை எட்டிப் பிடிக்க முயல்கின்றது. அது வாசித்ததன்று, மனப்பாடம் ஒப்பித்ததே என்பது அப்பொழுதுதான் நமக்கு விளங்குகின்றது.

இதனைக் கண்ட சிலர், பாட்டும் ஆட்டமும் பள்ளியிற் பொழுதை வீணாக்குவன என்று முடிவு கட்டுகின்றனர். வேறு சிலர், நம் முன்னோர் யாவரும் இங்ஙனம் பாடியே கற்றனராதலின் இதிற் குறையொன்றுமில்லை என்கின்றனர். இவ்விரு கூற்றும் பாதி உண்மையே. நம் நாட்டுப் பள்ளிகளில் பாட்டு, மணல், எழுத்து என்னும் மூன்றும் எங்ஙனம் சேர்ந்திருந்தன, பின்னர் எங்ஙனம் பிரிந்தன, எக்குறையால் இடர்ப்பட்டன என்னும் சரித்திரத்தை அறிந்தாலன்றி இவ்வழக்கிற்குத் தீர்ப்புக் கூறல் இயலாது. ஆகலின் அதனைச் சுருக்கமாக ஈண்டு ஆராய்வோம்.

கோயில் முன்றிலில் நான்கு சிறுவர்

1623-ஆம் ஆண்டில் பியெத்ரோ தெல்லா வல்லே என்னும் இத்தாலிய யாத்திரிகர், கோவாவிலிருந்த போர்ச்சுகீசியர் இக்கேரி நாயக்க மன்னரிடம் அனுப்பிய தூதுக் குழுவோடு கன்னட நாட்டிற்குச் சென்றார். வழியில் ஒரு கோயிலின் முன்மண்டபத்தில் அவர் கண்ட காட்சி ஒன்றைத் தம் கடிதத்தில் விரிவாக வரைந்துள்ளார். சிறுவர் நால்வர் தரையில் நுண்மணலைப் பரப்பி எண் பயின்றுகொண்டிருந்தனர். ஒருவன் பாடத்தை ஒருவகை இசையோடு நீட்டிப் பாடுவான். பாடும்பொழுதே அதனை விரலால் மணலில் எழுதுவான். மற்றை மூவரும் அவனோடு பாடி அங்ஙனமே எழுதுவர். தரை நிறைந்தவுடன் எழுதியதைக் கையால் அழித்து, வேண்டின் புதுமணல் தூவி, மேலே தொடர்வர். ஆசிரியர் எவரும் அங்கில்லை. "நீங்கள் பாடத்தை மறந்தால் திருத்துவார் யார்?" என்று யாத்திரிகர் வினவினார். நால்வரும் ஒரே இடத்தை ஒருசேர மறத்தல் கூடாததாகலின், ஒருவன் தவறினால் மற்றவர் திருத்துவர் என்று அச்சிறுவர் விடையிறுத்தனர். அவ்விடையின் நுட்பத்தை அவர் வியந்தெழுதினார்.

இச்சிறு காட்சியில் நாம் கருதவேண்டுவன மூன்று. செவிக்குப் பாட்டு, கைக்கு மணல், துணைக்குச் சக மாணாக்கன் என்பன அவை. கண் மட்டும் கற்கவில்லை. உடல் முழுவதும் கற்றது. காகிதமும் அச்சும் வேண்டாத கல்வி அது.

திண்ணைப் பள்ளி

தமிழகத்துத் திண்ணைப் பள்ளிகளிலும் இதுவே முறை. விஜயதசமியன்று வித்தியாரம்பம் செய்விக்கப்பெற்ற பாலன், உபாத்தியாயர் தன் விரலைப் பிடித்து அரிசியில் எழுதுவித்த எழுத்தை மறுநாள் முதல் மணலில் எழுதத் தொடங்குவான். எழுதும்பொழுதே அதன் பெயரை உரக்கச் சொல்லல் வேண்டும். அப்பெயர்களும் வெறும் பெயர்களல்ல. 'அனா, ஆவன்னா, இனா, ஈயன்னா' என்று அடுக்கிச் சொல்லுங்கால், குறிலின் பெயர் குறுகியும் நெடிலின் பெயர் நீண்டும் ஒலித்தலைக் காணலாம். ஒரு மாத்திரை, இரண்டு மாத்திரை என்னும் இலக்கணத்தை அறியாத ஐந்து வயதுப் பாலனின் செவியில் குறில் நெடில் வேறுபாடு தாளமாகப் பதிந்துவிடுகின்றது.

அரிச்சுவடி முடிந்தபின் ஆத்திசூடி வரும். கொன்றை வேந்தன் வரும். ஆத்திசூடியின் 109 அடிகளும் கொன்றை வேந்தனின் 91 அடிகளும் அகரவரிசையைத் தழுவி நிற்றலை யாவரும் அறிவர். நீதி கூறலே இவற்றின் நோக்கம் என்று பலர் கருதுவர். பள்ளிக்கூடத்தின் கண்கொண்டு நோக்கின் மற்றொரு பயனும் புலப்படும். ஒவ்வோர் எழுத்தும் ஓர் அடியின் வாயிலில் நிற்கின்றது. அடி நினைவிற்கு வந்தால் எழுத்தும் வரும். எழுத்தைக் கண்டால் அடி நாவில் எழும். 247 எழுத்துக்களைக் கொண்ட ஒரு மொழியைப் பாலர்க்குக் கற்பிக்கும் புலவர் கண்ட சிறந்த உபாயம் இது. பிற்காலத்தில் பாரதியார் புதிய கருத்துக்களை உரைக்கப் புகுந்தபொழுதும் பழைய சட்டகத்தையே மேற்கொண்டு 110 அடிகளில் புதிய ஆத்திசூடி இயற்றியமை கருதத்தக்கது.

மணலிற் கை பழகியபின் பனையோலையும் எழுத்தாணியும் கொடுக்கப்படும். உபாத்தியாயர் மேல்வரிச்சட்டம் எழுதித் தருவார். மாணாக்கன் அதனைப் பார்த்து எழுதுவான். பயின்று மூத்த சட்டாம்பிள்ளை இளையோரைப் பார்த்துக்கொள்வான். நவராத்திரி வந்தால் பிள்ளைகள் கோலாட்டக் கழிகளோடு வீடுதோறும் சென்று பாடியாடி உபாத்தியாயருக்குக் காணிக்கை பெற்றுத் தருவர். பள்ளியின் பாட்டு அங்ஙனம் தெருவிற்கும் வந்தது.

ஏட்டிற்குப் பாட்டே திறவுகோல்

இக்காலத்தார் பெரும்பாலும் அறியாத ஒரு காரணத்தையும் இங்குக் கூறுதல் வேண்டும். பனையோலையில் எழுத்தாணியாற் புள்ளியிடின் ஓலை பொத்தலாகுமாதலின் மெய்யெழுத்திற்குப் புள்ளியிடாது விடுதல் வழக்கம். எகர ஏகாரங்களுக்கும் ஒகர ஓகாரங்களுக்கும் வரிவடிவ வேறுபாடு ஏட்டில் தோன்றாது. அவ்வேறுபாட்டை இன்றுள்ள வடிவில் அமைத்தவர் 18-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த வீரமாமுனிவர் என்பர். சொற்களுக்கிடையே வெளியும் விடப்பெறுவதில்லை. எனவே 'மண்' என்பதும் 'மண' என்பதும் ஏட்டில் ஒன்றே. 'எடு' என்பதும் 'ஏடு' என்பதும் ஒன்றே.

இத்தகைய ஏட்டை எழுத்துக் கூட்டி மட்டும் படித்தல் எவ்வாறு இயலும்? செய்யுளின் ஓசையை முன்னரே செவியிற் கொண்டவனுக்கே ஏடு வாய் திறக்கும். எதுகையும் மோனையும் சீரும் தளையும் ஐயம் தீர்க்கும் நீதிபதிகளாக நின்றன. ஆகவே திண்ணைப் பள்ளியிற் பாட்டு என்பது பிள்ளைகளை மகிழ்விக்கச் சேர்த்த அலங்காரமன்று. வாசிப்பின் கருவியே அதுவாயிருந்தது. இவ்வுண்மையை அறியாதார் அப்பள்ளிகளின் மனப்பாடத்தை வெறுங் கிளிப்பேச்சு என்று முற்றும் இகழ்தல் நேர்மையாகாது.

மணல் சீமைக்குச் சென்றது

இம்முறையை அயல்நாட்டார் பலர் கண்டனர். சிலர் தாமே கற்றனர். 1706-ஆம் ஆண்டில் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு ஐயர், தமிழ் கற்கும்பொருட்டுப் பள்ளிப் பிள்ளைகளோடு தாமும் தரையில் அமர்ந்து மணலில் எழுத்துப் பழகினார்.

எண்பது ஆண்டுகளுக்குப்பின் ஆண்ட்ரூ பெல் என்னும் ஸ்காட்லாந்துப் பாதிரியார் சென்னைக்கு வந்து, 1789-இல் எழும்பூரில் நிறுவப்பெற்ற இராணுவ ஆண் அநாதைச் சிறுவர் விடுதியின் மேற்பார்வையை ஏற்றார். ஒருநாட் காலை குதிரைமீது செல்லுங்கால், தமிழ்ப் பள்ளியொன்றிற் பிள்ளைகள் தரையில் அமர்ந்து மணலில் விரலால் எழுதுவதைக் கண்டார். தம் விடுதியிலும் அங்ஙனமே எழுத்துக் கற்பிக்குமாறு கீழாசிரியருக்குக் கட்டளையிட்டார். அவரோ இயலாதென்று மறுத்தார். பெல் பாதிரியார் ஜான் ஃபிரிஸ்கன் என்னும் எட்டு வயதுச் சிறுவனை அழைத்து, அரிச்சுவடி வகுப்பை அவனிடமே ஒப்புவித்தார். ஆசிரியரால் ஆகாதென்ற காரியம் அச்சிறுவனால் ஆயிற்று. 1796-இல் தாயகம் மீண்ட பெல், மறு ஆண்டு இச்சோதனையை லண்டனில் ஒரு நூலாக வெளியிட்டார். 1811-இல் இங்கிலாந்தில் நிறுவப்பெற்ற தேசிய சங்கம் அம்முறையை ஏழைப் பிள்ளைகளின் பள்ளிகளிற் பரப்பிற்று. அதற்கு அவர்கள் இட்ட பெயர் 'மதராஸ் முறை' என்பது. நம் தெருத் திண்ணையின் மணல் சீமைப் பள்ளிகளில் மணற்பலகையாக விளங்கிற்று.

பெருமைகொள்ளத்தக்க செய்தியே, ஆயினும் ஒன்றை நோக்குங்கள். பெல் எடுத்துச் சென்றவை மணலும் சக மாணாக்கனுமே. ஓர் ஆசிரியரைக்கொண்டு பல நூறு பிள்ளைகளுக்குச் சிக்கனமாகக் கற்பிக்கலாம் என்பதே அம்முறைக்குச் சீமையிற் கிடைத்த பெரும் புகழ். இக்கேரிச் சிறுவர் பாடிய பாட்டு கப்பலேறவில்லை. மூன்றில் ஒன்று கரையிலேயே நின்றுவிட்டது.

ஒரு கலெக்டரின் குற்றச்சாட்டு

கரையில் நின்ற அப்பாட்டின் நிலையையும் நடுவுநிலையோடு ஆராய்தல் வேண்டும். சென்னைக் கவர்னர் தாமஸ் மன்றோ 1822-இல் இராஜதானியிலுள்ள பள்ளிகளைக் கணக்கெடுக்க ஆணையிட்டார். 1826-இல் அவர் எழுதிய குறிப்பின்படி, ஏறத்தாழ ஒரு கோடியே இருபத்தெட்டு லட்சம் மக்களுக்குப் பள்ளிகளும் கல்லூரிகளும் 12,498, மாணாக்கர் 1,88,650.

இவ்விசாரணைக்கு விடையாகப் பல்லாரிக் கலெக்டர் ஏ. டி. காம்பெல் 1823-இல் அனுப்பிய அறிக்கை மிகவும் சிறந்தது. சிக்கனமாக எழுதக் கற்பிக்கும் வகையையும், மூத்த மாணாக்கர் இளையோர்க்குக் கற்பித்துத் தம் அறிவையும் உறுதிசெய்துகொள்ளும் வகையையும் அவர் மனமாரப் புகழ்ந்தார். இங்கிலாந்து இதனைப் பின்பற்றியது தகும் என்றார். அதே அறிக்கையில் ஒரு பெருங்குறையையும் எடுத்துக் காட்டினார். பிள்ளைகள் பாடும் செய்யுள்நடை, அவர்கள் பேசும் வழக்குநடையினின்றும் வெகுதூரம் விலகியது. எழுத்தின் ஒலியைக் கற்கின்றனர், பொருளைக் கற்றாரல்லர். பலவேளைகளில் ஆசிரியரே பொருளறியார் என்பது அவர் கூற்றின் சாரம்.

இக்குற்றச்சாட்டை அயலார் கூற்றென்று நாம் ஒதுக்குதல் ஆகாது. இக்கட்டுரையின் தொடக்கத்தில், சுட்டிய சொல்லைக் கண்டு விழித்த குழந்தையை நினைவு கூருங்கள். அன்று காம்பெல் பல்லாரியிற் கண்ட குழந்தையும் அதுவே. பாட்டு வாசிப்பிற்குத் திறவுகோல் என்று கூறினோம்; பொருள் என்னும் கை பற்றாவிடின் அத்திறவுகோல் பூட்டில் திரும்பாது. பிழை செய்தவன் ஒப்பிக்கும்வரை பிரம்படியும் கோதண்டமும் காத்திருந்தன என்பதையும் மறத்தலாகாது. இன்பம் தரவேண்டிய பாட்டு அச்சத்தின் பாட்டாகவும் ஆயிற்று.

திண்ணை ஏறாத கைகள்

இதனினும் பெரிய குறை ஒன்றுண்டு. மன்றோவின் கணக்கிற் கண்ட 1,88,650 மாணாக்கருள் பெண்கள் 4,540 பேரே. நூற்றுக்கு மூவர்கூட இல்லை. பெண்டிர்க்கு எழுத்து நாணத்திற்குப் பொருந்தாதெனவும், ஆடல் மகளிர்க்கே உரியதெனவும் மக்கள் கருதியதை மன்றோ எழுதியுள்ளார். ஒடுக்கப்பட்ட வகுப்புக்களின் பிள்ளைகளுக்கோ பெரும்பாலான திண்ணைகள் ஏற முடியாதனவாகவே இருந்தன. முன்னோர் பெருமையை உரைக்கும் நாம் இதனை மறைத்தல் அறமன்று.

இதிலுள்ள விபரீதத்தைச் சிந்தியுங்கள். குழந்தையின் செவியில் முதற்பாட்டைப் பெய்தவள் தாய், தாலாட்டு அவளுடையது. கும்மியின் தாளம் அவளுடையது. வைகறையில் வாசலிற் புள்ளி வைத்து, புள்ளியைச் சுற்றி வளைத்து, கையெடாது இழை இழுத்து முடிக்கும் கோலம் அவளுடையது. தமிழெழுத்தின் வளைவுகள் அனைத்தையும் எழுதவல்ல விரல் அவ்விரல். பாட்டாலும் தரையிலெழுதும் கையாலும் எழுத்துக் கற்பித்த பள்ளி, அவ்விரண்டிலும் தேர்ந்தவளையே வாசலில் நிறுத்திற்று. நம் குடும்பங்களிற் கையொப்பமிட அறியாது, ஆனால் நூறு பாட்டுக்களை நினைவில் வைத்திருந்த பாட்டிமார் எத்தனை பேர்! அவர்கள் அறிவிலராயிருந்தாரல்லர், திண்ணையே அவர்களுக்கு இடங்கொடாது நின்றது.

பொருளோடு திரும்பிய பாட்டு

ஸ்லேட்டும் அச்சுப் புத்தகமும் பரவியபின் மணலும் ஏடும் மெல்ல விலகின. அச்சிற் புள்ளி வந்தது; சொல்லிடைவெளி வந்தது; ஓசையின் துணையின்றியே வாசிக்கலாம் என்னும் நிலை தோன்றியது. அந்நிலையிற் பாட்டு வேறோர் உருவில் மீண்டது. ஆசிரியத் தொழில் புரிந்த கவிமணி தேசிக விநாயகம் பிள்ளையவர்கள் (1876–1954) பசுவும் கன்றும் கிளியும் நிலவும் வரும் எளிய பாடல்களைப் பிள்ளைகளுக்கென இயற்றினார். அவரைத் தொடர்ந்து குழந்தைக் கவிஞர் அழ. வள்ளியப்பா (1922–1989) தம் வாழ்நாள் முழுவதையும் அப்பணிக்கே அளித்தார். குழந்தை தன் முற்றத்திற் காணும் பொருள், தன் தாய் பேசும் சொல், தன் காலுக்கு இசைந்த தாளம் இவை மூன்றும் இப்பாடல்களில் ஒன்றுபட்டன. காம்பெல் நூறாண்டுகளுக்கு முன் சுட்டிய குறைக்கு நம் கவிஞர்கள் அளித்த மறுமொழி இஃதென்றே கொள்ளலாம்.

மணலும் எதிர்பாராத வழியில் மீண்டது. 1907-இல் ரோமாபுரியில் ஏழைக் குழந்தைகளுக்குப் பள்ளி தொடங்கிய மரியா மாண்டிசோரி அம்மையார், உப்புத்தாளில் எழுத்துக்களை வெட்டி அட்டையில் ஒட்டி, ஒலியைச் சொல்லிக்கொண்டே அவற்றைக் குழந்தைகள் விரலால் தடவுமாறு செய்தார். அவ்வம்மையார் 1939-இல் பிரம்மஞான சபையின் அழைப்பிற்கிணங்கிச் சென்னை அடையாற்றிற்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சியளித்தார். எழும்பூரிலிருந்து மணல் சென்று ஒன்றரை நூற்றாண்டு கழியுமுன், விரலால் எழுத்தையுணரும் கல்வி அடையாற்றிற்கு வேறு வழியில் வந்து சேர்ந்தது. ஒன்று மற்றொன்றைப் பார்த்து உண்டானதென்று கூறோம். குழந்தையின் கை எந்நாட்டிலும் ஒரு தன்மையதே என்பதே இதனாற் பெறப்படும்.

அண்மைக் காலத்தில், 2003 முதல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிப் பின்னர் மாநிலமெங்கும் பரவிய செயல்வழிக் கற்றலில், பிள்ளைகள் பாயில் அமர்ந்து அட்டைகளைக்கொண்டு கற்றனர். அவர்கள் கைக்கெட்டும் உயரத்திற் சுவரிற் கரும்பலகைகள் அமைந்தன. 2022-இல் தமிழக அரசு முதல் மூன்று வகுப்புக்களுக்குத் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டம் பாட்டு, கதை, பொம்மலாட்டம் முதலியவற்றை வகுப்பினுள் அழைத்ததோடு, பொருளுணர்ந்து வாசித்தலையே இலக்காகக் கூறிற்று. 'பொருளுணர்ந்து' என்னும் அச்சொல்லில் இருநூறாண்டுச் சரித்திரம் அடங்கியிருக்கின்றது.

நாம் செய்யத்தக்கவை

இச்சரித்திரம் நமக்குக் காட்டும் நெறி ஒன்றே. பாட்டைத் துரத்துவதும் பிழை. பாட்டோடு நின்றுவிடுவதும் பிழை. பாட்டு வாயில், பொருள் வீடு. வாயில் வழியாகக் குழந்தையை உள்ளே அழைத்துச் செல்வது பெரியோர் கடன்.

இதற்குப் பொருட்செலவு வேண்டுவதில்லை. குழந்தை பாடும்பொழுது அதன் விரலைப் பிடித்து ஒவ்வொரு சொல்லின் கீழும் வைத்து நகர்த்துங்கள். பாட்டு முடிந்தபின் நடுவிலுள்ள ஒரு சொல்லைச் சுட்டிக் கேளுங்கள். தெரியாவிடின் சினவாது, அச்சொல்வரை மெல்லப் பாடிக் காட்டுங்கள். அச்சொல்லின் பொருளை நடித்துக் காட்டச் சொல்லுங்கள். படமாக வரையச் சொல்லுங்கள். ஒரு தட்டில் மணலையோ அரிசி மாவையோ பரப்பி அதனை எழுதுவியுங்கள். பிழைத்தால் அழிப்பது எளிது, அடிப்பதற்குக் காரணமில்லை. குழந்தை தானே கூறும் கதையை இரண்டு வரியில் எழுதி, அதனையே வாசிக்கக் கொடுங்கள். தான் சொன்னதைத் தாளிற் கண்ட குழந்தைக்கு, எழுத்து என்பது பேச்சின் உருவமே என்னும் பேருண்மை ஒரு நொடியில் விளங்கும். இக்கேரிச் சிறுவர் செய்தவாறு மூத்த பிள்ளையை இளைய பிள்ளையின் பக்கத்தில் அமர்த்துங்கள். இருவரும் ஒரே இடத்தில் மறப்பது அரிது.

நமது சங்கத்தின் மாதக் கூட்டங்களில் பிள்ளைகள் பாட்டொப்பித்துப் பரிசு பெறுதல் வழக்கமாயுள்ளது. இனி ஒப்பித்த பிள்ளையிடம் புத்தகத்தை நீட்டி ஒரு சொல்லைச் சுட்டிக் கேட்டு, அதன் பொருளையும் கேட்டுப் பரிசளிப்போமாக. நம் வீட்டு மூதாட்டிகளின் தாலாட்டுக்களையும் கும்மிகளையும் அவர்தம் பேத்திகள் கேட்டு எழுதிக்கொண்டு வந்து அக்கூட்டத்தில் வாசிக்குமாறும் செய்வோமாக. திண்ணையேற விடாது நாம் நிறுத்திவைத்த பாட்டியின் குரல், அவள் பேத்தியின் கையெழுத்தில் நிலைபெறுமாயின், பழைய கடனில் ஒரு சிறு பகுதியையேனும் நாம் தீர்த்தவராவோம்.